மொன்றியலின் கடுங்குளிரும் இடையிளக்கமும்

சென்ற தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பூசை முடிந்து சப்பாத்து மாட்டும் இடத்தில் நின்றபோது, நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் மிக்க மகிழ்ச்சியோடு, "மாஸ்ரர், குளிர் விட்டுவிட்டது பார்த்தீர்களா? கூரையிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது. இனிப் பயமில்லை" என்றார். ஊரில் நான் பூகோளம் படிப்பித்த காலத்தை மறவாமல் இன்னும் மாஸ்ரர் என்றே அழைப்பவர். அன்றிரவு மீண்டும் உறைந்தது. மறுநாட் காலை அவர் தம் வீட்டுப் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். இந்நகரத்துக் குளிரை நாம் எல்லோரும் பெரிதாகப் பேசுகிறோம். ஆனால் குளிருக்கு நடுவே வரும் இளக்கந்தான் இங்கே கூடிய சேதம் விளைத்திருக்கிறது என்பது என் எண்ணம். அவரைப் பார்க்கப் போய்த் திரும்பிய பின்னரே இதை எழுத நினைத்தேன்.

நம் மொழியில் மார்கழிப் புல்லில் நிற்பதும் பனி, வானத்திலிருந்து பஞ்சாய் விழுவதும் பனி, நதியை மூடிக் கிடப்பதும் பனி. நமக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. நுவரெலியாவில் ஒரு காலையில் புல் வெளுத்துக் கிடந்தால் அது பத்திரிகைச் செய்தி. இங்குள்ள பிரெஞ்சு மக்களோ பனிக்காலத்தின் நடுவில் வரும் இளக்கத்துக்கு 'ரெதூ' என்றும், மழையாய் விழுந்து கண்ணாடியாய் இறுகுவதற்கு 'வெர்க்லா' என்றும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம்மவரிற் பலர் வந்திறங்கிய கோட் தெ நேஜ் என்ற பகுதியின் பெயரே பனிச்சரிவு என்ற பொருளுடையது. குடிவந்து பல ஆண்டுகளின் பின்னர்தான் எனக்கு அது தெரியவந்தது.

இந்நகரின் காலநிலையை ஒழுங்காகக் குறித்துவைத்த பெருமை ஒரு வைத்தியரைச் சாரும். இங்கிலாந்திலிருந்து வந்து, மொன்றியலுக்கு வடக்கேயுள்ள ஈல் ஜேசு தீவில் சென் மார்த்தான் கிராமத்தில் வைத்தியம் பார்த்த சாள்ஸ் சிமோல்வூட் என்பவர் அவர். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, மிகுதி நேரத்தில் வெப்பமானியையும் காற்றமுக்கமானியையும் பார்த்தார். பனித்துகள்களின் வடிவங்களையும் ஆராய்ந்தார். 1863இல் அவருடைய கருவிகள் மக்கில் பல்கலைக்கழக வளவுக்கு வந்தன. அங்கே ஒரு வானாய்வு நிலையம் எழுந்தது. 1873இல் அவர் காலமான பின்னரும் குறிப்பெழுதும் வேலை நிற்கவில்லை. சென்னையில் வானாய்வு நிலையம் அமைந்தது 1792இல் என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். இவ்விஷயத்தில் நம் பக்கம் மூத்தது. மக்கில் நிலையத்துப் பழைய கட்டடம் 1963இல் இடிக்கப்பட்டது. இந்தக் குறிப்புகள் இல்லையென்றால், "அந்தக் காலத்துக் குளிர் இப்போது ஏது" என்று ஒவ்வொருவரும் சொல்வதைக் கேட்டுக்கொண்டு இருக்கவேண்டியதுதான்.

இங்கே குளிரும் இளக்கமும் மாறி மாறி வருவதற்குக் காரணம் என்ன? ஆசியப் படத்தை மனத்திற் கொள்ளுங்கள். சைபீரியாவின் குளிர்காற்று தெற்கே வராமல் இமயம் குறுக்கே நிற்கிறது. வட அமெரிக்காவில் மலைத்தொடர்கள் வடக்குத் தெற்காக ஓடுகின்றனவே தவிர, குறுக்கே கிடக்கும் இமயம் ஒன்றில்லை. ஆர்க்டிக் காற்று தடையின்றித் தெற்கே இறங்கும். மெக்சிக்கோக் குடாவின் ஈரமான வெப்பக்காற்று தடையின்றி வடக்கே ஏறும். இரண்டும் முட்டிக்கொள்ளும் வழியிலே நம் நகரம் இருக்கிறது. அகலக்கோட்டைப் பார்த்தால் மொன்றியல் இத்தாலியின் மிலான் நகரத்துக்கு நேரே கிடக்கிறது. அகலக்கோட்டை மட்டும் வைத்துக் காலநிலையைச் சொல்ல முடியாது என்று மாணவருக்குக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்கு அன்று கிடைத்திருக்கவில்லை.

முதலில் குளிரைச் சொல்லிவிடுகிறேன். 1934 பெப்ரவரியில் கிழக்குக் கனடா முழுவதும் உறைந்தது. அலையடிக்கும் ஒன்ராறியோ ஏரியே ஏறக்குறைய முற்றாகப் பனிக்கட்டியால் மூடப்பட்டது. டோர்வால் விமான நிலையத்தில் குறிக்கப்பட்ட மிகத் தாழ்ந்த வெப்பநிலை 1957 ஜனவரி 15ஆந் திகதிக்கு உரியது: பூச்சியத்துக்குக் கீழே 37.8 பாகை செல்சியஸ். அக்காலத்துப் பரனைற் அளவில் அது பூச்சியத்துக்குக் கீழே 36. (1975 ஏப்ரலில்தான் கனடா செல்சியஸ் அளவுக்கு மாறியது.) பொங்கலை ஒட்டிய நாட்கள் என்பதைக் கவனியுங்கள். அப்போது நம்மவர் இங்கே விரல்விட்டு எண்ணக்கூடியவரே. இத்தகைய கடுங்குளிர் வருமென்று ஊர் அறியும், வீடுகளும் அதற்காகக் கட்டப்பட்டவை, மக்களும் வெளியே போகாமல் இருந்துகொள்கிறார்கள். ஒரு கிழமையில் அது போய்விடும்.

இளக்கத்தின் கதை வேறு. முன்னாளில் சென்ற் லோறன்ஸ் நதி உறைந்ததும் அதுவே பெருந்தெரு. குதிரை வண்டிகள் அதன்மேல் ஓடின. 1880 ஜனவரியில் ஒருபடி மேலே போய், ஒஷலகாவிலிருந்து எதிர்க்கரை லோங்கேய் வரை பனிக்கட்டியின்மேல் தண்டவாளம் போட்டுப் புகையிரதம் விட்டார்கள்! அவ்வருஷம் எல்லாம் நன்றாகவே நடந்தது. அடுத்த ஆண்டு, 1881 ஜனவரியில், பனிக்கட்டி பாரந் தாங்காமல் பிளந்து, இயந்திரம் நதிக்குள் போயிற்று. அதைப் பின்னர் வெளியே எடுத்தார்கள். சில பருவங்களுடன் அந்தச் சேவை கைவிடப்பட்டது. மேலே ஒரே வெண்மையாய்த் தெரியும் கட்டி கீழே எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதை யார் கண்டார்?

சித்திரை மாதத்து உடைப்பும் சாதாரணமானதல்ல. பாளம் பாளமாக உடைந்த கட்டிகள் நதியின் ஒடுங்கிய இடங்களில் அணைபோல் அடைத்துக்கொள்ள, பின்னாலே தண்ணீர் ஏறும். 1861 ஏப்ரலிலும், 1886 ஏப்ரலிலும் நகரத்தின் தாழ்ந்த பகுதிகள் இவ்வாறு மூழ்கின. ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த கிறிபின்ரவுண் தெருக்களில் வள்ளத்திலே போய்வந்தனர். துறைமுகத்தில் 1840 முதல் ஒரு வழக்கம் உண்டு: ஆண்டின் முதற் கப்பலைக் கொண்டுவரும் கப்பற்றலைவனுக்குத் தங்கப் பூணிட்ட கைத்தடி பரிசு. நூறாண்டுக்கு மேலாக அந்தத் தடி பெரும்பாலும் ஏப்ரல் மாதத்தில் நதி திறந்த பின்னரே கை மாறியது. 1964 ஜனவரி 4ஆந் திகதி 'ஹெல்கா டான்' என்ற டென்மார்க் கப்பல் நடுக்குளிரில் வந்துசேர்ந்தது. அதன் பின் பனியுடைக்கும் கப்பல்கள் பாதையைத் திறந்துவைக்க, பரிசு ஜனவரிக்கு வந்துவிட்டது. நதி உறைந்து திறந்த காலங்களை அந்தத் தடியின் திகதிகளைக்கொண்டே ஓரளவு சொல்லலாம் என்ற நிலை அத்துடன் போயிற்று.

எனக்கு மிகவும் பாடம் கற்பித்தது 1980–81ஆம் ஆண்டுப் பனிக்காலம். 1980 கிறிஸ்மஸ் நாளன்று வடகிழக்கு அமெரிக்காவும் கியூபெக்கும் கடுங்குளிரில் விறைத்தன. பின்னர் 1981 பெப்ரவரியில் வசந்தம் வந்துவிட்டதோ என்று எண்ணும்படி நாட்கணக்கில் இளகியது. மக்கள் மேலங்கியைக் கழற்றிவிட்டு வீதியில் உலாவினர். ஆனால் மரங்கள் ஏமாந்துவிட்டன. நிலத்தை மூடிக்கிடக்கும் பனி, வேருக்குப் போர்வை போன்றது. அந்தப் போர்வை கரைந்தபின் மீண்டும் வந்த குளிர் நேரே மண்ணுக்குள் இறங்கி வேர்களைக் கருக்கிற்று. ஆப்பிள் தோட்டங்களில் மக்கின்டோஷ் மரங்கள் பெருந்தொகையாகப் பட்டன. சீனிப்பாகு தரும் மேப்பிள் மரங்களோ உடனே சாகவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் உச்சியிலிருந்து சிறிது சிறிதாகக் காய்ந்துகொண்டு வந்தன. அமில மழையே காரணம் என்று அந்நாளிற் பெரிதாகப் பேசப்பட்டது. அமில மழைக்கும் பங்கிருக்கலாம். ஆயினும் பின்னர் செய்த ஆராய்ச்சியில், மரத்தடியிலிருந்து பனியை வேண்டுமென்றே அகற்றி மண்ணை ஆழமாக உறையவிட்டபோது, அதே விதமாகவே மேப்பிள்கள் காய்ந்தன. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் மிளகாய்க் கன்றுக்குப் பனை ஓலை மறைப்புக் கட்டுவது வெயிலுக்கு. இங்கே வேருக்கு மறைப்பு அந்தப் பனியேதான். அது கரையும்போது நாம் மகிழ்கிறோம்.

1998ஆம் ஆண்டை மறந்தவர் நம்மில் யாரும் இரார். ஜனவரி 5ஆந் திகதி தொடங்கி ஐந்தாறு நாள், 80 மணி நேரத்துக்கு மேலாக உறைமழையும் தூறலும். ஓராண்டு முழுவதும் இங்கே பெய்வதைப்போல் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்நாட்களில் நகரத்திற் கடுங்குளிர் இருக்கவில்லை. பூச்சியத்துக்குச் சற்றுக் கீழேதான். குடாவிலிருந்து வந்த வெப்பக்காற்று மேலே படர்ந்திருந்தது. குளிர்காற்று கனமானபடியால் நதிப் பள்ளத்தாக்கில் நிலத்தோடு ஒட்டிக் கிடந்தது. மேலே பனியாய்ப் புறப்பட்டது நடுவில் உருகி மழையாகி, கீழே வந்து தொட்டதெல்லாவற்றிலும் கட்டியாய் ஒட்டிக்கொண்டது. கம்பிகள் கையின் பருமனுக்குத் தடித்தன. ஏறக்குறைய 1,000 உருக்குக் கோபுரங்களும் பல்லாயிரம் மரக் கம்பங்களும் சரிந்தன. ஹைட்ரோ கியூபெக்கின் 14 லட்சம் வாடிக்கையாளருக்கு மின்சாரம் இல்லை. 9ஆந் திகதி வெள்ளிக்கிழமை நகரின் குடிநீர் சுத்திகரிக்கும் நிலையங்களுக்கே மின்சாரம் நின்று, இன்னுஞ் சில மணி நேரத்துக்கே தண்ணீர் என்ற நிலை ஏற்பட்டது. அது நமக்குப் பின்னரே தெரியவந்தது. தெற்கே சென் இயசிந்த், கிறான்பி, சென் ஜோன் ஆகிய ஊர்களுக்கிடையே 'கருமுக்கோணம்' என்று பெயர்பெற்ற பகுதியில் சிலர் ஒரு மாதத்துக்கு மேல் இருளிற் கிடந்தனர்.

அது திருவெம்பாவைக் காலம். எங்கள் மாடியில் நான்கு குடும்பங்கள் வாயு அடுப்பு இருந்த ஒரே வீட்டில் கூடி, சுவாமி படத்துக்கு முன் ஒரேயொரு விளக்கு ஏற்றி, கம்பளியைப் போர்த்துக்கொண்டு பாடினோம். கீழ்வீட்டுக் கியூபெக் மூதாட்டி ஒருவரும் எங்களோடு வந்திருந்து, பாணும் பருப்பும் சாப்பிட்டார். வெளியே கொப்புகள் முறிகிற சத்தம் துப்பாக்கி வெடிபோலக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஊரில் அந்தச் சத்தத்துக்குப் பயந்து வந்த ஒரு பிள்ளை இரவெல்லாம் தூங்கவில்லை. மவுண்ட் றோயல் குன்றின் மரங்களிற் பெரும்பாலானவை சேதமடைந்தன. மழை நின்ற பிறகே கடுங்குளிர் வந்தது. வெப்பமூட்டி வேலை செய்யாத வீடுகளில் அது மிகவும் வருத்தியது. வீட்டுக்குள்ளே கரியடுப்பும் மின்பிறப்பாக்கியும் வைத்து நச்சுவாயுவால் இறந்தவர்களும் உண்டு.

இத்தகைய மாற்றங்கள் அபூர்வமென்று நினைக்கவேண்டாம். 1989 டிசம்பர் மிகக் குளிரான டிசம்பர்களுள் ஒன்று. அடுத்து வந்த 1990 ஜனவரி வழக்கத்துக்கு மாறான மிதம். 2015இல் பெப்ரவரி, நூறாண்டுக்கு மேலான பதிவிலேயே மிகக் குளிரானதாக இருந்தது. அதே ஆண்டு டிசம்பர் மிக வெப்பமானது, கிறிஸ்மஸுக்கு முதல்நாள் 15 பாகைக்கு மேல்! 2023 ஏப்ரல் 5ஆந் திகதி உறைமழையில் மீண்டும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர் மின்சாரம் இழந்தனர்.

மணிக்கட்டை முறித்த பெரியவர் இப்போது தேறிவிட்டார். சப்பாத்தின் அடியில் மாட்டும் இரும்பு முள் ஒன்று வாங்கியிருக்கிறார். சென்ற வாரம் என்னிடம் அதைக் காட்டி, "கூரை ஒழுகுகிற நாட்களில் மட்டும் போட்டால் போதும்தானே, மாஸ்ரர்?" என்று கேட்டார். ஒழுகிய நாளுக்கு மறுநாட் காலையில்தான் கட்டாயம் போடவேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.