ஆங்கிலேயரின் ஞாயிறு விருந்து: வீட்டு அடுப்பும் விடுதி அடுப்பும்

ஒரு நாட்டின் வரலாற்றை அதன் அரண்மனைகளில் மட்டும் தேடினால் போதாது. அடுக்களைகளிலும் தேடுதல் வேண்டும். மன்னர்தம் முடிசூட்டு விழாக்களும் போர்களும் ஏடுகளில் நிலைபெற்றுவிடுகின்றன. மக்கள் வாரந்தோறும் எதை உண்டனர், அதனை யார் சமைத்தார், எவ்வடுப்பில் சமைத்தார் என்னும் செய்திகளோ பெரும்பாலும் எழுதப்படாமலே மறைந்துபோகின்றன. எனினும், ஒரு சமுதாயத்தின் உழைப்பையும் உறவையும் அறிய இவற்றினும் சிறந்த சான்று வேறில்லை எனலாம்.

மலாயாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் பலர் ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் கறியும் சோறும் உண்பதை வழக்கமாகக் கொண்டிருந்தனர். ஆனால், அவர்தம் தாயகத்தில் அந்நேரத்துக்குரிய உணவு வேறு. மாடு, ஆடு, பன்றி, கோழி ஆகியவற்றுள் ஒன்றன் இறைச்சியைப் பெருந்துண்டமாகச் சுட்டு, மேசையின்மீது வைத்து அரிந்து, கொழுப்பில் மொறுமொறுப்பாகச் சுட்ட உருளைக்கிழங்கு, அவித்த காய்கறி, இறைச்சிச் சாற்றில் ஆக்கிய குழம்பு ஆகியவற்றோடு உண்பர். மாட்டிறைச்சியாயின் 'யார்க்சயர் புட்டிங்' என்னும் உப்பிய மாவுப் பண்டமும் உடன் வரும். இதனையே 'சண்டே ரோஸ்ட்' என்பர்.

இவ்விருந்தைப் பற்றி ஆங்கிலேயர் ஓயாமல் வாதிடும் வினா ஒன்றுண்டு. 'பப்' எனப்படும் மதுவிடுதியில் பரிமாறப்படும் ரோஸ்ட், வீட்டில் சமைத்த ரோஸ்ட்டுக்கு ஈடாகுமா என்பதே அவ்வினா. 'அம்மாவின் கைப்பக்குவம் எங்கே, விடுதிக்காரன் தட்டு எங்கே' என்பார் ஒருசாரார். 'நல்ல விடுதிக்கு ஈடான வீடு ஏது' என்பார் மறுசாரார். நாவின் சுவையை மட்டும் வைத்து இதற்குத் தீர்ப்புக் கூற இயலாது. வரலாற்றின் துணைகொண்டு இதனை ஆராய்வோம்.

தீயும் கம்பியும்

ரோஸ்ட் என்னும் சொல் தொடக்கத்தில் குறித்தது, மூடிய அடுப்பில் வேகவைப்பதையன்று. எரியும் திறந்த தீயின் முன்னே, நீண்ட இரும்புக் கம்பியில் இறைச்சியைக் கோத்து, அதனை இடைவிடாது சுழற்றிச் சுடுவதையே அது குறித்தது. தீயின் வெம்மை நேரே இறைச்சியின்மீது பாய, ஆவி காற்றில் கலந்து செல்ல, மேற்புறம் சிவந்து முறுகும். உருகி வடியும் கொழுப்பு கீழே வைத்த தட்டில் வீழும்.

இக்கலையில் ஆங்கிலேயர் வல்லவர் என்பதை அயலாரே சான்று பகர்ந்துள்ளனர். 1748இல் இங்கிலாந்துக்கு வந்த சுவீடன் நாட்டுத் தாவரவியல் அறிஞர் பேர் கால்ம், இறைச்சியைப் பக்குவமாகச் சுடும் கலையை ஏறத்தாழ வேறெந்த மக்களையும்விட ஆங்கிலேயர் நன்கறிவர் என்று எழுதினார். கூடவே, அவர்தம் சமையற்கலை மாட்டிறைச்சிக்கும் உலர்பழப் புட்டிங்குக்கும் அப்பால் அதிகம் செல்வதில்லை என்று நகையாடவும் தவறவில்லை! அவருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே, 1698இல் தம் பயண நூலை வெளியிட்ட பிரெஞ்சுக்காரர் ஆன்ரி மிசோன், வசதி படைத்தோரும்கூட ஞாயிறன்று பெரிய மாட்டிறைச்சித் துண்டத்தைச் சுட்டுத் தெவிட்டுமளவும் உண்டு, எஞ்சியதை மற்ற ஆறு நாள்களும் ஆறிய நிலையிலேயே உண்பர் என்று குறித்துள்ளார்.

கம்பியைச் சுழற்றியவர் யார்? முற்காலத்தில் ஏவற்சிறுவர்கள் தீயருகே அமர்ந்து, வியர்வை சொட்டச் சொட்டச் சுழற்றினர். பின்னர்ச் சுவரில் பொருத்திய சக்கரத்துக்குள் குட்டைக்கால் நாய்களை ஓடவிட்டுச் சுழற்றினர். இதற்கென்றே வளர்க்கப்பட்ட அந்நாயினம் இன்று இல்லை. வேல்ஸ் நாட்டின் அபர்கவெனி அருங்காட்சியகத்தில் பாடஞ்செய்யப்பட்ட நாயொன்று அவ்வினத்தின் நினைவாக எஞ்சியுள்ளது. ஆக, விருந்தின் சுவைக்குப் பின்னே பெயரறியா உழைப்பாளி ஒருவர் என்றும் இருந்துள்ளார் என்பதை இங்கேயே மனங்கொள்ளுதல் நலம்.

ரொட்டிக்காரரின் அடுப்பு

இத்தகைய தீயும் கம்பியும் இறைச்சியும் செல்வர்க்கே உரியனவாயிருந்தன. ஏழைத் தொழிலாளி குடியிருந்த ஒற்றை அறையில், நீர் கொதிக்கவைக்கும் அளவுக்கே நெருப்பிருந்தது. எனில், அவன் ஞாயிறு விருந்து எவ்வாறு சமைக்கப்பட்டது?

தெருமுனை ரொட்டிக்காரரின் அடுப்பே அதற்கு விடை. அவ்வடுப்பின் இடத்தைச் சிறு கட்டணத்துக்குப் பெற்று, ஏழை மக்கள் தம் இறைச்சியையும் உருளைக்கிழங்கையும் தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பர். வெந்தபின் துணியால் மூடி வீட்டுக்கு எடுத்துச் செல்வர். 1843இல் வெளிவந்த சார்ல்ஸ் டிக்கன்ஸின் 'கிறிஸ்துமஸ் கேரல்' என்னும் கதையில், ஏழை எழுத்தர் கிராச்சிட் குடும்பத்தாரின் வாத்து வெந்தது ரொட்டிக்காரரின் அடுப்பிலேதான். அன்று அது வியப்புக்குரிய செய்தியன்று, அன்றாட வழக்கம்.

இங்கே ஓர் உண்மை புலனாகின்றது. 'வீட்டுச் சமையல்' என்று இன்று போற்றப்படும் இவ்விருந்து, ஒரு காலத்தில் நகரத்து எளிய மக்களுக்கு வீட்டில் சமைத்ததே அன்று. காசு கொடுத்து வெளியே வேகவைத்து வாங்கியதே ஆகும். உண்ட இடம் வீடு. வெந்த இடம் வேறு. ஆதலின், வீட்டு அடுப்பே இவ்விருந்தின் தொன்றுதொட்ட தாயகம் என்னும் கூற்று முற்றும் பொருந்தாது.

அடுப்பு வீட்டுக்குள் வருதல்

தொழிற்புரட்சி இந்நிலையை மாற்றியது. 1802இல் ஜார்ஜ் பாட்லி என்பார் மேற்புறம் மூடிய வார்ப்பிரும்பு அடுப்புக்குக் காப்புரிமை பெற்றார். நாளடைவில் நிலக்கரி எரிக்கும் இத்தகைய அடுப்புகள் நடுத்தர வகுப்பினரின் இல்லங்களில் இடம்பெற்றன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நாணயமிட்டு எரிவாயு பெறும் அளவிகள் வந்ததும், தொழிலாளர் இல்லங்களிலும் எரிவாயு அடுப்பு நுழைந்தது. 1882இல் நியூசிலாந்திலிருந்து 'டனீடின்' என்னும் கப்பல் உறையவைத்த ஆட்டிறைச்சியுடன் லண்டனை அடைந்தது. அத்தகைய வணிகம் பெருகவே இறைச்சி விலையும் எளிய மக்களின் கைக்கு எட்டியது.

அடுப்பு வந்தது, பழைய ரோஸ்ட் மறைந்தது! மூடிய அடுப்புக்குள் இறைச்சி வேகுங்கால், அது உண்மையில் ரொட்டியைப் போல வெதுப்பப்படுகின்றதே ஒழியத் தீயின் முன்னே சுடப்படுவதில்லை. எனினும், பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இன்றைய வீடும் விடுதியும் பெரும்பாலும் மூடிய அடுப்பில் வெந்ததையே ரோஸ்ட் என்று பரிமாறுகின்றன.

இவ்வடுப்பைச் சுற்றியே குடும்பத்தின் வாரக் கணக்கு அமைந்தது. ஞாயிறன்று சூடான ரோஸ்ட். திங்கள் துணி துவைக்கும் நாளாதலின், சமைக்க நேரமின்றி எஞ்சிய இறைச்சி ஆறியபடியே உண்ணப்படும். அடுத்த நாள், மீந்ததைக் கொத்தி மசித்த கிழங்கால் மூடிச் சுட்ட 'ஷெப்பர்ட்ஸ் பை'. எலும்பு சூப்பாகும், தட்டில் உறைந்த கொழுப்பு ரொட்டியில் தடவப்படும். யார்க்சயர் புட்டிங்கும் சிக்கனத்தின் பிள்ளையே. 1747இல் ஹன்னா கிளாஸ் என்னும் அம்மையார் தம் சமையல் நூலில் அப்பெயரால் குறித்த அப்பண்டம், இறைச்சியிலிருந்து வடியும் கொழுப்பை வீணாக்காமல் அதனடியில் வேகவைக்கப்பட்டதாகும். குழம்போடு அதனை முதலில் உண்டு பசியை ஆற்றினால், இறைச்சி குறைவாயினும் போதும் என்பது எளியோர் கண்ட வழி.

பப்பும் வீடும்

விடுதிகளில் உணவு விற்பது புதிதன்று. பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே வழிப்போக்கர் விடுதிகள் குறித்த நேரத்தில், குறித்த விலைக்கு, ஒரே மேசையில் அனைவருக்கும் உணவளித்தன. 1828இல் லண்டனில் தோன்றிய சிம்ப்சன்ஸ் உணவகம் பின்னாளில், இறைச்சித் துண்டத்தை வண்டியில் வைத்து மேசைதோறும் தள்ளிச் சென்று அரிந்து பரிமாறிப் புகழ்பெற்றது. ஆனால், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சாதாரணத் தெருவோரப் பப், குடிப்பதற்கான இடமாகவே பெரிதும் விளங்கியது.

அக்காலத்து ஞாயிறு நண்பகலை எண்ணிப் பாருங்கள். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இங்கிலாந்தில் ஞாயிறன்று பப் திறந்திருக்கும் நேரம் நண்பகல் 12 மணி முதல் 2 மணி வரை. பின்னர் மாலை 7 மணிக்கே மீண்டும் திறக்கப்படும். தொழிலாளர் குடும்பங்கள் பலவற்றில், அவ்விரண்டு மணி நேரமும் கணவன் பப்பில் நண்பரோடு அமர்ந்திருக்க, மனைவி அடுப்பருகே நின்று வெந்துகொண்டிருந்தாள். 2 மணிக்குக் கதவடைத்ததும் அவன் வீடு திரும்ப, ரோஸ்ட் மேசைக்கு வரும். அன்று பப்பும் வீட்டு ரோஸ்ட்டும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல. ஒருவர் இளைப்பாற மற்றவர் உழைத்த ஒரே ஏற்பாட்டின் இரு பக்கங்களாகும்.

இரண்டாம் உலகப் போர் இவ்விருந்தைச் சுருக்கியது. 1940 மார்ச்சு மாதத்தில் தொடங்கிய இறைச்சிப் பங்கீட்டில் பெரியவர் ஒருவருக்கு வாரம் 1 ஷில்லிங் 10 பென்ஸ் பெறுமான இறைச்சியே கிடைத்தது. அவ்வளவும் பின்னர்க் குறைந்தது. 1954 சூலை மாதத்தில்தான் இப்பங்கீடு முடிவுற்றது. பதினான்கு ஆண்டுகள் ஏங்கிய மக்களுக்கு ஞாயிறு ரோஸ்ட் உணவாக மட்டும் இருந்திருக்க முடியாது. மீண்டுவந்த அமைதியின் அடையாளமாகவும் இருந்திருக்கும்.

அதன்பின் காலம் மாறியது. மணமான பெண்டிர் பலர் ஊதிய வேலைக்குச் சென்றனர். 1994ஆம் ஆண்டுச் சட்டம் பெருங்கடைகள் ஞாயிறன்றும் திறக்க வழிவிடவே, ஓய்வுநாள் பலருக்கு வேலைநாள் ஆயிற்று. மறுபுறம், 1988இல் பப்பின் ஞாயிறு நண்பகல் நேரம் 3 மணி வரை நீட்டிக்கப்பட்டது. 1995இல் பிற்பகல் முழுவதும் திறந்திருக்க இசைவு கிட்டியது. 1991இல் லண்டன் கிளார்க்கன்வெல்லில் 'தி ஈகிள்' என்னும் பப் நல்லுணவுக்கு முதலிடம் தந்து, புதிய மரபொன்றைத் தொடங்கிவைத்தது. 2007இல் மூடிய பொது இடங்களில் புகைத்தல் தடைசெய்யப்பட்டபின் குழந்தைகளோடு குடும்பத்தினர் அமர்ந்துண்ணும் இடமாகவும் பப் மாறியது. கணவன் மட்டும் சென்ற இடத்துக்கு மனைவியும் மக்களும் சென்றனர். ரோஸ்ட்டும் அவர்களோடு இடம்பெயர்ந்தது.

எது சிறந்தது?

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். சமையல் நுட்பத்தை நோக்கின், ரோஸ்ட் காத்திருக்க விரும்பாத உணவு. அடுப்பிலிருந்து எடுத்த இறைச்சி சற்றே ஆறவேண்டும். அதன்பின் உடனே அரியப்பட வேண்டும். அரிந்த துண்டங்களை நெடுநேரம் சூட்டில் வைத்தால் அவை மேலும் வெந்து சாறு வற்றிப்போகும். மொறுமொறுப்பான கிழங்கு நேரம் செல்லச் செல்ல உள்ளிருக்கும் நீராவியால் நமுத்துவிடும். ஆவியால் உப்பிய புட்டிங் ஆறினால் அமுங்கும். வீட்டில் உண்போர் உணவுக்காகக் காத்திருக்கின்றனர். விடுதியிலோ உணவு உண்போருக்காகக் காத்திருக்கின்றது. நண்பகல் முதல் மாலை வரை எவர் எப்போது வரினும் பரிமாற வேண்டிய விடுதி தோற்பது இவ்விடத்தில்தான்.

குழம்பும் அவ்வாறே. சுட்ட தட்டில் ஒட்டிய சாற்றைச் சுரண்டி ஆக்கிய குழம்பு, தட்டின் அளவே கிடைக்கும். நூறு பேருக்கு அது போதாதாகையால், பொடியைக் கரைக்கும் விடுதிகளும் உள. ஆனால், பொடியைக் கரைக்கும் வீடுகளும் இல்லாமல் இல்லை!

விடுதிக்கும் தனிச் சிறப்புண்டு. பெருந்துண்டம், தன் எடையை நோக்கக் குறைந்த மேற்பரப்பு உடையது. ஆதலின் உட்புறம் சாறு குன்றாமல் வேகும். நால்வர் கொண்ட இல்லத்தில் வாங்கும் சிறுதுண்டம் எளிதில் வறண்டுவிடும். எனவே, நேரம் வகுத்து, முன்பதிவு பெற்று, அளவறிந்து சமைக்கும் பப், வீட்டு ரோஸ்ட்டுக்கு ஈடாவது மட்டுமன்றி, அதனை வெல்லவும் கூடும். நாள் முழுவதும் சூட்டுத் தட்டில் வைத்து விற்கும் பப் ஒருநாளும் ஈடாகாது.

இரண்டும் ஒன்றுக்கொன்று தர இயலாதவையும் உள்ளன. பப்பில் உண்டவருக்குத் திங்கட்கிழமையின் மிச்சம் இல்லை. ஒரு துண்டத்தைக் கொண்டு வாரத்தை நடத்திய அந்தச் சிக்கனமும், அதனைத் தாயிடமிருந்து மகள் கற்ற கல்வியும் அங்கே கிடைப்பதில்லை. அவ்வாறே, வீட்டு ரோஸ்ட் நெடுங்காலமாக ஒருவருக்கு மட்டும் ஓய்வைத் தரவில்லை. அவர், அதைச் சமைத்தவர். வீட்டு உணவின் பெருமையைப் பேசுவோர், அவ்வுணவுக்காக ஒரு பெண் தன் ஞாயிற்றுக்கிழமைகள் அனைத்தையும் செலவிட்டாள் என்பதையும் சேர்த்தே கணக்கிடுதல் வேண்டும். விடுதியில் அவ்வுழைப்புக்கு ஊதியம் உண்டு. வீட்டில் புகழுரையேனும் இருந்ததா என்பது ஐயமே.

அம்மாவின் ரோஸ்ட்டுக்கு நிகரில்லை என்று கூறுவோர் பொய்யுரைக்கவில்லை. அவர்கள் நினைவில் சுவைப்பது இறைச்சியை மட்டுமன்று. தமக்காக ஒருவர் காலைமுதல் நின்று உழைத்தார் என்னும் அன்பையும் சேர்த்தே சுவைக்கின்றனர். அவ்வன்பு மதிக்கத்தக்கது. அதனை மதிக்கும் வழி விடுதியை இகழ்வதன்று. வீட்டில் சமைக்கும் நாளில் கிழங்கை உரிப்பவரும் தட்டைக் கழுவுபவரும் குடும்பத்தார் அனைவருமாக இருத்தலே ஆகும். அங்ஙனம் உழைப்பைப் பகிர்ந்துண்ணும் இல்லத்தின் ரோஸ்ட்டுக்கு எந்தப் பப்பும் நிகராகாது. அது இயலாத இல்லத்தார் ஞாயிறன்று நல்லதொரு பப்பை நாடுவாராயின், சமைப்பவரும் அன்று ஓய்ந்து அமர்ந்து உண்பார்.

ஆசிரியர்களும் மாணவர்களும் இத்தகைய எளிய உணவுகளின் வரலாற்றை ஆராயப் புகுவாராயின், உணவைச் சமைத்தவர் யார், சமைத்த நேரத்தில் மற்றவர் எங்கிருந்தனர் என்னும் இரு வினாக்களையும் மறவாமல் கேட்பாராக.