ஜப்பானிய உற்பத்தி நிறுவனங்களின் உள்நாட்டு, அயல்நாட்டு விற்பனைப் போக்குகள் (1981–2019): ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

அயல்நாடுகளில் இயங்கும் ஜப்பானியத் துணை நிறுவனங்களின் விற்பனை உயர்வைக் கொண்டு, ஜப்பானின் உள்நாட்டுத் தொழில்வளம் குன்றியது எனக் கூறுவது வழக்கம். இம்முடிவுக்கு அடிப்படையான விகிதம் எவ்வாறு கணக்கிடப்படுகிறது, நாணய மதிப்பு அதனை எவ்வாறு மாற்றுகிறது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஜப்பான், துணை நிறுவனங்கள், பிளாசா உடன்பாடு, யென், மோட்டார் வாகனத் தொழில்.

முன்னுரை

உள்ளீடற்றுப் போதல் எனப் பொருள்படும் ‘கூதோகா’ என்னும் சொல், ஜப்பானியப் பொருளியல் விவாதங்களில் 1980களின் பிற்பகுதி முதல் பெரிதும் வழங்கி வருகிறது. ஆலைகள் அயல்நாடு செல்லச் செல்லத் தாய்நாட்டுத் தொழில் வெறுங்கூடாகும் என்னும் அச்சத்தை அது குறிக்கிறது. இவ்வச்சத்திற்குச் சான்றாகக் காட்டப்படுவது, அரசு வெளியிடும் அயல்நாட்டு உற்பத்தி விகிதம் ஆகும். 1985இல் ஏறத்தாழ 3 விழுக்காடாக இருந்த அவ்விகிதம், 2018இல் ஏறத்தாழ 25 விழுக்காட்டை எட்டியது.

இடப்பெயர்வின் காரணங்கள்

இடப்பெயர்வு யென் உயர்வால் மட்டும் தொடங்கியதன்று. 1981இல் அமெரிக்காவின் நெருக்குதலால், அந்நாட்டிற்கான கார் ஏற்றுமதியை ஆண்டுக்கு 16 லட்சத்து 80 ஆயிரமாக வரையறுக்க ஜப்பான் இசைந்தது. 1982இல் ஹோண்டா ஓஹாயோ மாநிலத்தில் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 1983இல் நிசான் டென்னசியில் வாகன உற்பத்தியைத் தொடங்கியது. வணிகத் தடையைக் கடப்பதே இக்கட்டத்தின் முதன்மை நோக்கம்.

1985 செப்டம்பர் 22இல் நியூயார்க்கில் ஐந்து நாடுகள் செய்துகொண்ட பிளாசா உடன்பாடு இப்போக்கை விரைவுபடுத்தியது. ஏறத்தாழ 240 யென்னாக இருந்த ஒரு டாலரின் மதிப்பு, 1987 இறுதிக்குள் ஏறத்தாழ 120 யென்னாகச் சரிந்தது. ஜப்பானில் செய்து டாலருக்கு விற்ற பொருளின் வருவாய் யென் கணக்கில் பாதியாயிற்று. ஆகவே செலவு குறைந்த தென்கிழக்கு ஆசிய நாடுகளை நோக்கியும், பின்னர்ச் சீனாவை நோக்கியும் முதலீடு பாய்ந்தது.

விகிதத்தின் இயல்பு

‘உற்பத்தி விகிதம்’ எனப் பெயர் பெற்றிருப்பினும், இது விற்பனை விகிதமே ஆகும். உற்பத்தித் துறைத் துணை நிறுவனங்களின் விற்பனையை, அவ்விற்பனையும் உள்நாட்டு உற்பத்தி நிறுவனங்களின் விற்பனையும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்து இது பெறப்படுகிறது. இதனால் இரு சிக்கல்கள் எழுகின்றன.

முதலாவது, நாணய மாற்று. 2012இல் ஒரு டாலரின் சராசரி மதிப்பு ஏறத்தாழ 80 யென்; 2015இல் ஏறத்தாழ 120 யென். அமெரிக்காவில் 100 டாலருக்கு விற்ற அதே பொருள், முன்னதில் 8,000 யென்னாகவும் பின்னதில் 12,000 யென்னாகவும் பதிவாகும். கூடுதலாக ஒரு பொருளும் விற்கப்படாமலேயே விற்பனை 50 விழுக்காடு உயர்ந்ததாகத் தோன்றும்.

இரண்டாவது, இரட்டைக் கணக்கீடு. தாய் நிறுவனம் ஓர் எஞ்சினைத் தன் அயல்நாட்டு ஆலைக்கு அனுப்பினால், அதன் விலை உள்நாட்டு விற்பனையில் சேர்கிறது. முழு வாகனம் விற்கப்படும்போது துணை நிறுவன விற்பனையிலும் அடங்குகிறது. தொடக்ககால அயல்நாட்டு ஆலைகள் ஜப்பானிய உதிரிபாகங்களைப் பெரிதும் சார்ந்திருந்தன. எனவே அக்கட்டத்தில் அயல்நாட்டு விற்பனை உயர்வு, உள்நாட்டு ஆலைகளுக்கும் வேலை அளித்தது. உதிரிபாக நிறுவனங்களும் அயல்நாடு சென்று, அங்கேயே கொள்முதல் பெருகிய பின்னர் இத்துணை தளர்ந்தது.

எண்ணிக்கை தரும் சான்று

பண மதிப்பின் குறையை ஈடுசெய்ய, வாகனங்களின் எண்ணிக்கையை ஒப்பிடலாம். ஜப்பானின் உள்நாட்டு மோட்டார் வாகன உற்பத்தி 1990இல் ஏறத்தாழ 1 கோடியே 35 லட்சமாக உச்சம் தொட்டது. 2019இல் ஏறத்தாழ 97 லட்சமாகக் குறைந்தது. ஜப்பானிய நிறுவனங்களின் அயல்நாட்டு உற்பத்தி 2007இல் உள்நாட்டு உற்பத்தியை விஞ்சியது. நாணய மாற்றால் பாதிக்கப்படாத இவ்வெண்கள், வாகனத் துறையில் இடப்பெயர்வு மெய்யானதே என்பதை உறுதிசெய்கின்றன. எனினும், வாகனத் துறையின் அயல்நாட்டு விகிதம் பிற துறைகளினும் மிக உயர்ந்தது. அதனைக் கொண்டு தொழில்துறை முழுமையையும் மதிப்பிடுதல் பொருந்தாது.

முடிவுரை

அயல்நாட்டு விற்பனையின் நீண்டகால உயர்வு மறுக்க இயலாதது. ஆயினும் குறுகிய காலத்தில் விகிதம் ஏறுவதை ஆலைகளின் இடப்பெயர்வாகவே கொள்வது பிழையாகும். யென்னின் வீழ்ச்சியும் அதே தோற்றத்தைத் தரும். தொடக்கத்தில் உள்நாட்டு உற்பத்திக்குத் துணையாக இருந்த அயல்நாட்டு ஆலை, பிற்காலத்தில் அதற்கு மாற்றாக வளர்ந்தது என்பதே வாகனத் துறையின் வரலாறு. விற்பனை மதிப்பு, நாணய மதிப்பு, உற்பத்தி எண்ணிக்கை ஆகிய மூன்றையும் ஒருங்கே வைத்து ஆராயும்போதே இம்மாற்றத்தின் காலமும் அளவும் புலப்படும்.