சிரங்கும் சிறுநீரகமும்: வியாசர்பாடியை முன்வைத்து ஒரு மருத்துவ வரலாற்று நோக்கு

முன்னுரை

சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் நுண்நாள முடிச்சுகள் கிளாமருலஸ் எனப்படும். உடல்வீக்கம், சிறுநீரில் புரதம், சிறுநீரகப் பழுது ஆகிய மூன்றையும் இலண்டன் மருத்துவர் ரிச்சர்ட் பிரைட் 1827இல் தொடர்புபடுத்திக் காட்டினார். கிளாமருலஸ் அழற்சி உள்ளிட்ட நோய்கள் நெடுங்காலம் ‘பிரைட் நோய்’ என்றே வழங்கின. இந்நோய்களின் வரலாறு பெரும்பாலும் மருத்துவமனையிலிருந்தே எழுதப்படுகிறது. அவற்றுள் ஒரு வகையின் வரலாற்றைக் குடியிருப்பிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தோலும் சிறுநீரகமும்

சொறியால் உண்டாகும் புண்ணில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொற்றுவதுண்டு. அக்கிருமியின் சில வகைகளுக்கு எதிராக உடலில் உருவாகும் எதிர்ப்பொருள் சார்ந்த கூட்டுப்பொருள்கள் கிளாமருலஸில் படிந்து அழற்சியை உண்டாக்குகின்றன. தொண்டைப் புண்ணுக்குப் பின் ஏறத்தாழ 10 நாள்களிலும், தோல் புண்ணுக்குப் பின் சுமார் 3 வாரங்களிலும் முகவீக்கமும் தேநீர் நிறச் சிறுநீரும் தோன்றும். குழந்தைகள் பெரும்பாலோர் குணமடைகின்றனர். பெரியவர்களுக்குப் பாதிப்பு நீடிப்பதுண்டு. சிறுநீர் நிறம் மாறும்போது புண் பெரும்பாலும் ஆறியிருக்கும். எனவே நோயின் தொடக்கம் மருத்துவமனையின் பார்வைக்குத் தப்பிவிடுகிறது.

சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறிச் சென்ற டிரினிடாட் தீவில், 1971இல் சொறியும் சிறுநீரக அழற்சியும் ஒருசேரப் பரவின. தோல்நோய்க்கும் சிறுநீரக நோய்க்கும் உள்ள உறவை அந்நிகழ்வு தெளிவாக்கியது.

வியாசர்பாடிச் சூழல்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்கள் புளியந்தோப்பு, வியாசர்பாடி வட்டாரங்களில் குடியேறினர். ஆலைகள் 1996இல் மூடப்பட்டன. நெருக்கமான குடியிருப்புகள் நிலைத்தன. கேப்டன் காட்டன் கால்வாயை ஒட்டிய தெருக்களில் மழைநீர் தேங்குவதும், லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் நிற்பதும் இப்பகுதியின் நெடுநாள் அனுபவங்கள். ஒரே பாயில் பலர் உறங்கும் வீட்டில் சொறி ஒருவரோடு நிற்பதில்லை. 1970இல் அமைக்கப்பட்ட குடிசை மாற்று வாரியத்தின் வரலாறும் இவ்வகையில் மருத்துவ வரலாற்றோடு தொடர்புடையதாகிறது.

இப்பகுதி மக்கள் நாடும் ஸ்டான்லி மருத்துவமனையை ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்பர். 1782 பஞ்சத்தில் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரமே அதன் மூலம். பசிக்கும் நோய்க்கும் உள்ள உறவை அப்பெயர் இன்றும் நினைவூட்டுகிறது.

முடிவுரை

அழற்சி தோன்றியபின் தரப்படும் பென்சிலின் கிருமியை அகற்றும், அழற்சியை மாற்றாது. சொறியைக் குடும்பத்தார் அனைவருக்கும் ஒரே வேளையில் போக்குவதும், குளிக்கவும் துவைக்கவும் நீர் கிடைப்பதுமே முதன்மைத் தடுப்புகள். ஆகவே வட சென்னையின் சிறுநீரக நோய் வரலாற்றை எழுதுவோர்க்கு மருத்துவமனைப் பதிவேட்டைப் போலவே தெருக்குழாயும் வீட்டின் பரப்பளவும் சான்றுகளாகும்.