அரப்பிலிருந்து ஷாம்பு வரை: தலைக்குத் தண்ணி வார்த்த வரலாறு

மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். குழு ஆரம்பித்த கதையையும் கடன் வாங்கி முன்னேறிய கதையையும் எழுதப் பலர் இருக்கிறார்கள். நம்ம குழுக்கள் அரைத்து விற்கிற சீயக்காய்ப் பொடிக்குப் பின்னாலும் ஒரு வரலாறு இருக்கிறது. பத்தாவது வரை படித்த நான், படித்ததையும் பெரியவர்களிடம் கேட்டதையும் கைப்பட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து அதை எழுதுகிறேன். இப்போது எழுத ஒரு காரணமும் உண்டு. பொடியோடு நிற்காமல் "சல்ஃபேட் இல்லாத ஷாம்பு" செய்து விற்கலாமா என்ற பேச்சு நம் கூட்டத்தில் வந்திருக்கிறது. கடன் வாங்கி இறங்குவதற்கு முன்னால் வந்த வழியைத் தெரிந்துகொள்வது நல்லது.

நம்ம கொங்குப் பக்கத்தில் பழைய ஆட்களுக்குச் சீயக்காயைவிட அரப்புதான் நெருக்கம். அரப்பு என்பது உசிலை மரத்து இலை. நிழலில் உலர்த்தி, இடித்து, சலித்து வைத்துக்கொள்வார்கள். செவ்வாய், வெள்ளியில் பெண்களும் புதன், சனியில் ஆண்களும் எண்ணெய் தேய்த்துக்கொள்வார்கள். சோறு வடித்த கஞ்சியில் அரப்பைக் கரைத்துத் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு போய்விடும். மலையிலிருந்து சீயக்காய் கிடைத்த ஊர்களில் அதோடு பச்சைப்பயறு, வெந்தயம், பூலாங்கிழங்கு, காய்ந்த எலுமிச்சைத் தோல், செம்பருத்தி இலை சேர்த்து அரைத்தார்கள். பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கரைத்தவர்களும் உண்டு.

இவை அழுக்கை எப்படி எடுக்கின்றன? இவற்றில் சபோனின் என்ற பொருள் இருக்கிறது. அதன் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணியைப் பிடிக்கும். தண்ணி ஊற்றும்போது எண்ணெயும் சேர்ந்து வெளியே போகும். சோப்பும் ஷாம்பும் வேலை செய்வதும் இதே முறையில்தான். நம்ம ஆத்தாமார்களுக்குச் சபோனின் என்ற பெயர் தெரியாது. ஆனால் எந்த இலை எதற்கு ஆகும் என்பது தெரிந்திருந்தது.

ஷாம்பு என்ற சொல்லும் நம் நாட்டிலிருந்து போனதுதான். இந்தியில் அமுக்கிப் பிடித்துவிடுவதைக் குறிக்கும் 'சாம்ப்போ' என்ற சொல்லிலிருந்து அது வந்தது. பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது என்பவர் 1814-இல் இங்கிலாந்தில் பிரைட்டன் நகரத்துக்குப் போய், ஆவிக் குளியலோடு உடம்பு பிடித்துவிடும் தொழில் செய்தார். அதைத்தான் அங்கே 'ஷாம்பூயிங்' என்றார்கள். தலை கழுவுவது என்ற அர்த்தம் பின்னால் வந்தது.

அடுத்து வந்தது கட்டி சோப்பு. போர் தண்ணியில் சோப்புப் போட்டுத் தலை குளித்தவர்களுக்குத் தெரியும், முடி பிசுபிசுவென்று ஒட்டும். உப்புத் தண்ணியில் உள்ள கால்சியத்தோடு சோப்பு சேர்ந்து கரையாத ஒரு படிவை உண்டாக்குவதுதான் காரணம். இதற்கு வழி தேடியபோதுதான் சல்ஃபேட் வகை நுரைப்பொருள்கள் வந்தன. அமெரிக்காவில் 1934-இல் ட்ரீன் என்ற ஷாம்பு அப்படி வந்தது. உப்புத் தண்ணியிலும் நன்றாக நுரைத்தது. ஆனால் எண்ணெயை ஒட்ட எடுத்துவிடுவதால் முடி வறண்டு போகும் குறையும் கூடவே வந்தது.

பாட்டில் ஷாம்பு ரொம்ப நாள் பணக்காரர் வீட்டுப் பொருளாகவே இருந்தது. அதைக் குடிசைக்குக் கொண்டுவந்தது நம்ம தமிழ்நாட்டுக் கடலூர். ஏழையும் வாங்குகிற மாதிரி சின்னப் பாக்கெட்டில் அடைக்கலாம் என்ற யோசனை கடலூர் சின்னிகிருஷ்ணனுடையது. அவருடைய மகன் சி.கே.ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலில் தனியாகத் தொழில் தொடங்கி, சிக் ஷாம்பு கொண்டுவந்தார். காலிப் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தால் ஒரு பாக்கெட் இலவசம் என்று கடை கடையாகப் பழக்கினார்கள். பின்னால் 50 காசுக்கும் பாக்கெட் வந்தது. அதே 1983-இல்தான் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனமும் தொடங்கியது. 1989-இல் தர்மபுரி மாவட்டத்தில் நம்மைப் போன்ற சுய உதவிக் குழுக்கள் ஆரம்பித்தன. ஷாம்புப் பாக்கெட்டும் மகளிர் குழுவும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வளர்ந்தவை என்று சொல்லலாம்.

பெண்கள் ஏன் அரப்பை விட்டார்கள்? சோம்பேறித்தனம் என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காய வைத்து, இடித்து, சலித்து, தேய்த்து, முடியில் ஒட்டிய பொடியை அலசி எடுக்க அரை நாள் போகும். கண்ணில் பட்டால் எரிச்சல் வேறு. காலையில் சோறாக்கி வைத்துவிட்டு ஏழு மணிக்குக் காட்டு வேலைக்கோ மில்லுக்கோ நூறு நாள் வேலைக்கோ போகிறவளுக்கு அரை நாள் ஏது? பாக்கெட் அவளுக்கு நேரத்தைக் கொடுத்தது. அதைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

நேரத்தோடு இன்னொன்றும் வந்தது. அதுதான் சிலிக்கோன். மணலில் உள்ள சிலிக்கானை மூலமாக வைத்துத் தொழிற்சாலையில் செய்யும் வழவழப்பான பொருள் அது. 1980-களின் பிற்பகுதியில் ஷாம்பும் கண்டிஷனரும் ஒன்றாக அமெரிக்காவில் பெரிய அளவில் விற்பனைக்கு வந்தது. அலசும்போது அழுக்கு தண்ணியோடு போகும், சிலிக்கோன் துளிகள் முடிமேல் தங்கிவிடும். முடி மினுமினுக்கும், சீப்பு வழுக்கிக்கொண்டு இறங்கும். நாளடைவில் நம் ஊர்க் கடைகளிலும் கண்டிஷனர், சீரம் என்று இது வந்துவிட்டது.

சிலிக்கோன் விஷம் இல்லை. முடிக்கு மேலே பூசிய ஒரு மெழுகு மாதிரிதான். சிக்கலில் முடி அறுந்துபோகாமலும் காக்கும். ஆனால் அதில் பல வகை தண்ணியில் கரையாது. வாராவாரம் பூச்சின்மேல் பூச்சு ஏறினால் முடி கனத்துத் தொங்கும், வேரோரம் பிசுக்காகவும் நுனியில் உயிரில்லாமலும் இருக்கும். எங்க குழுவில் ஒரு தங்கச்சிக்கு இப்படி ஆகி, முடி கெட்டுப்போச்சு என்று பயந்து மேலும் விலை உயர்ந்த சீரம் வாங்கினாள். சீரத்திலும் அதே சிலிக்கோன். சேமிப்பில் போட வேண்டிய காசு இரண்டு மாதம் அந்தக் குப்பிக்குப் போனது. எனக்கு வருத்தம் அந்தக் காசுக்காகத்தான்.

அவள் பிறகு செய்ததை எல்லோருக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன். முதலில் குப்பியின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். பிள்ளைகளைப் படிக்கச் சொன்னாலும் சரி. டைமெத்திகோன், அமோடைமெத்திகோன் என்று 'கோன்' என்றோ, சைக்ளோபென்டாசிலாக்சேன் என்று 'சேன்' என்றோ முடிகிற பெயர் இருந்தால் அது சிலிக்கோன். முன்னால் 'பெக்' என்று இருந்தால் பெரும்பாலும் தண்ணியில் கரையும் வகை. அடுத்து, சிலிக்கோன் உள்ள கண்டிஷனரையும் சீரத்தையும் நிறுத்த வேண்டும். இது முக்கியம். ஒரு பக்கம் கழுவிக்கொண்டே மறுபக்கம் பூசினால் என்ன பயன்?

பிறகு சல்ஃபேட்டும் சிலிக்கோனும் இல்லாத மென்மையான ஷாம்புவில் வாரம் இரண்டு முறை குளிக்கலாம். கோகமிடோபுரோபைல் பீட்டெய்ன், டெசைல் குளுக்கோசைடு போன்ற நுரைப்பொருள்கள் அதில் இருக்கும். முடியை முதலில் நன்றாக நனைத்துவிட்டு, ஷாம்புவை ஒரு சொம்புத் தண்ணியில் கலக்கி ஊற்றி, நகம் படாமல் விரல் நுனியால் தேய்த்து அலச வேண்டும். இரண்டாம் தடவை போட்டு ஓரிரு நிமிடம் விட்டு, நுனி வரை உருவி அலச வேண்டும். நுரை குறைவாகத்தான் வரும். நுரை குறைந்தால் அழுக்குப் போகவில்லை என்று அர்த்தம் இல்லை. ஒரே நாளில் எல்லாம் போய்விடாது, சில வாரம் பொறுக்க வேண்டும். போர் தண்ணி உப்பும் முடியில் படியும். அது வேறு படிவு. கடைசிச் சொம்பில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு கலந்து ஊற்றி, பிறகு நல்ல தண்ணியில் அலசினால் அது குறையும்.

இப்போது நம் முடிவுக்கு வருகிறேன். "தேங்காயிலிருந்து எடுத்தது" என்று போட்டால் சனங்கள் நம்பி வாங்குவார்கள் என்று ஒரு யோசனை சொல்லப்பட்டது. சல்ஃபேட் நுரைப்பொருளையும் தேங்காய், பனை எண்ணெயிலிருந்துதான் செய்கிறார்கள். ஆகவே அந்த வார்த்தையால் எதுவும் நிரூபணம் ஆகாது. "சிலிக்கோனை ஒரே வாஷில் நீக்கும்" என்றும் நாம் போடக் கூடாது. நம் சீயக்காய்ப் பொடி எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் என்பது தலைமுறை தலைமுறையாகப் பார்த்தது, அதை மட்டும் தைரியமாகப் போடலாம். ஷாம்பு செய்து விற்பதென்றால் 1940-ஆம் வருடத்து மருந்து, அழகுசாதனப் பொருள்கள் சட்டப்படி உரிமம் வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் எழுதித்தான் கடன் கேட்க வேண்டும்.

என் கருத்து இதுதான். ஷாம்பு செய்யலாம், ஆனால் உரிமம் வாங்கிச் செய்யலாம். உள்ளே போட்டதையெல்லாம் படிக்கிற அளவு எழுத்தில், தமிழில் அச்சிடலாம். நம்மிடம் வாங்கப் போவதும் நம்மைப் போலக் காசை எண்ணி எண்ணிச் சேர்த்த பெண்தான். அவள் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குப் புரிய வேண்டும். அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் பேசி முடிவெடுக்குமாறு சகோதரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.