உரலடியும் நிலைக்கண்ணாடியும்

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து கல்முனை நோக்கித் தெற்கே பிரயாணம் செய்வோர்க்கு, கிழக்கே கடலும் மேற்கே வாவியும் நெருங்கி வந்து நிலத்தை ஒடுக்கிவிட்ட இடத்தில், வீதியின் நடுவே பேரீத்த மரங்கள் அணிவகுத்து நிற்கக் காண்பதே காத்தான்குடி வந்துவிட்டதற்கு அடையாளமாகும். சில சதுர கிலோமீட்டருக்குள் 40,000 பேருக்கு மேல் வசிக்கும் இவ்வூர், இலங்கையில் மிக நெருக்கமாக ஜனங்கள் வாழும் ஊர்களுள் ஒன்று. இவ்வூரின் வாணிகத்தையும் பள்ளிவாசல்களையும் பற்றி எழுதியோர் பலர். இவ்வூர்ப் பெண்கள் எவ்வாறு உடலால் உழைத்தார்கள், எதை எப்போது உண்டார்கள், தம் சரீரத்தைத் தாமே எக்கண்கொண்டு பார்த்தார்கள் என்னும் வரலாறு அத்தனை கவனத்தைப் பெற்றதில்லை. உணவைக் கண்டு அஞ்சுவதும், உண்டதற்குப் பிராயச்சித்தம்போலத் தேகாப்பியாசம் செய்வதும் உலகெங்கும் இளம் பெண்களைப் பற்றும் வியாதியாகிவிட்ட இந்நாளில், அவ்வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்பது வீண் வேலையாகாது.

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் குடும்ப அமைப்பு பெண்ணை நடுவாகக் கொண்டது. போர்த்துக்கேயரால் துரத்தப்பட்ட முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் 1626ஆம் ஆண்டில் மட்டக்களப்புப் பிரதேசத்தில் குடியேற்றினான் என்பது சரித்திரம்; அதற்கு முன்னரே, திமிலர் என்னும் குலத்தாருடன் நிகழ்ந்த போரில் முக்குவர் குலத்தாருக்குத் துணைநின்ற முஸ்லிம்கள் அக்குலப் பெண்களை மணந்து இங்கேயே தங்கினர் என்பது கர்ணபரம்பரை. எவ்வாறாயினும், தாய்வழியே குடி கணிப்பதும், மணமகன் மனைவியின் வீட்டிற்கு வந்து வாழ்வதும், மகளுக்கு வீடொன்றைச் சீதனமாகக் கொடுப்பதும் இப்பகுதித் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான சம்பிரதாயங்களாக நிலைத்தன. அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆராய்ச்சி செய்த அமெரிக்க மானிடவியலறிஞர் டெனிஸ் மக்கில்வ்ரே இதனை விரிவாக எழுதியிருக்கிறார். மூத்த மகளுக்குக் கலியாணமானதும் பெற்றோர் தாம் வாழ்ந்த வீட்டை அவளுக்கு விட்டு, அதே வளவின் ஒரு மூலையில் இன்னொன்று கட்டிக்கொண்டு ஒதுங்குவர்; அடுத்த மகளுக்கு அதுவும் போகும். தாயான உம்மா, பாட்டியான மூத்தும்மா, அக்காளான ராத்தா, தங்கை என எல்லோரும் ஒரே வேலிக்குள் வாழ்ந்ததால், ஒரு பெண்பிள்ளை உண்டாளா, உறங்கினாளா, மெலிந்தாளா என்பது அரைநாளுக்குமேல் எவருக்கும் தெரியாமல் இருந்ததில்லை.

அந்த வளவின் நடுவில் உரல் இருந்தது. நெல்லை ஆலைக்கு அனுப்பும் வழக்கம் பரவுவதற்கு முன்பு, வீட்டு அரிசி முழுவதும் பெண்களின் கையால் குத்தப்பட்டதே. பெருநாள் வருகிறதென்றால், ஊறவைத்து வடித்த பச்சரிசியை மாவாக்கும் வேலை அதனோடு சேர்ந்துகொள்ளும். ஓர் உரலுக்கு இருவர் எதிரெதிரே நிற்பர். ஒருத்தியின் உலக்கை மேலே போகையில் மற்றவளுடையது கீழே இறங்கும். வலக்கை சோர்ந்தால், தாளம் பிசகாமல், உலக்கை அந்தரத்தில் இருக்கும் அந்த ஒரு கணத்திலேயே அதனை இடக்கைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். குதிகாலை ஊன்றி, முழங்காலைச் சற்றே தளர்த்தி, இடுப்பிலிருந்து பலத்தை எழுப்பித் தோள்வழியே இறக்குகின்ற இவ்வித்தையை எவரும் பாடமாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு வயதில் பக்கத்தில் நின்று பார்த்தே சிறுமியர் பழகினர். இதன்பின் சுளகெடுத்துப் புடைப்பதும் கொழிப்பதும், கிணற்றில் தண்ணீர் அள்ளுவதும், பன் புல்லைக் காயவைத்துச் சாயமிட்டுப் பாய் இழைப்பதுமாக அன்றைய பகல் கழியும். இக்காலத்து வைத்தியர் எலும்புக்கும் தசைக்கும் நன்று என்று எவற்றைச் சொல்கின்றனரோ, அவற்றுள் பல அந்த வளவிலேயே நடந்துவிட்டன.

இதைக்கொண்டு அக்காலத்தைப் பொற்காலமாக்கிவிட வேண்டாம். அந்த உழைப்பு விருப்பத்தால் வந்ததன்று. கர்ப்பிணிக்கும் அதில் ஓய்வு கிடைத்ததில்லை. இரத்தக் குறைவும் பிரசவ மரணமும் அந்தக் குத்தரிசிச் சோற்றால் தடுக்கப்பட்டுவிடவும் இல்லை. நான் சொல்ல வருவது வேறு. ஒரு பெண்ணின் தேகத்தைப் பற்றி அந்த வளவில் எழுந்த பேச்செல்லாம் அது என்ன செய்யவல்லது என்பதைப் பற்றியதாக இருந்தது. மெலிவு சௌந்தரியமாக எண்ணப்படவில்லை. அது நோயின் குறி, வறுமையின் குறி, அல்லது மனக்குறையின் குறி. “என்னகா புள்ள, இப்பிடி மெலிஞ்சி போய்த்தாய்?” என்று மூத்தும்மா கேட்டால் அதில் பாராட்டு இருந்ததில்லை. பெண் பெரியபிள்ளையானதும் நல்லெண்ணெயும் முட்டையும் உழுத்தங்களியும் ஊட்டினர். பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கரைத்த கறி கொடுத்தனர். விருந்தென்றால் சஹன் என்னும் ஒரே பெருந்தட்டைச் சுற்றி அமர்ந்து கையோடு கை உரச உண்டனர். இவ்வழக்கங்களுள் சில, ஊரில் சமயச் சீர்திருத்தப் பிரசாரம் ஓங்கிய பின்னர், மார்க்கத்தில் இல்லாத சடங்குகள் என்று விலக்கப்பட்டன. சடங்கின் நியாய அநியாயத்தை மார்க்க அறிஞர்களிடம் விட்டுவிடலாம். ஆனால் வளரும் பெண்ணுக்கு நிறைய உணவு வேண்டும் என்று குடும்பம் முழுவதும் கூடி ஒப்புக்கொண்ட ஒரு சந்தர்ப்பம் அதனோடு போயிற்று என்பதை மறுப்பதற்கில்லை.

உரல் எப்படி மறைந்தது என்றால், நெல்லாலை வந்ததால் மறைந்தது என்று சொல்வது பாதிக் காரணமே. அது நின்ற இடமும் மறைந்தது. பெண்ணுக்கு வீடு கொடுக்கும் அந்த உத்தமமான சம்பிரதாயமே, தலைமுறைக்குத் தலைமுறை வளவைத் துண்டாக்கி, நாலு வீட்டுக்குப் பொதுவாயிருந்த முற்றத்தைச் சுவருக்குச் சுவர் ஒட்டிய சந்தாக்கிவிட்டது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே அகப்பட்ட ஊருக்கு விரிந்துபோக வேறு திசையுமில்லை. 1978 நவம்பரில் அடித்த சூறாவளி கிடுகு வேலிகளையும் தென்னைகளையும் வீழ்த்தியது. அதன்பின் எழுந்தவை கல்வீடுகளும் மதில்களும். உள்நாட்டு யுத்தம் மூண்டபோது சுற்றுக் கிராமங்களிலிருந்து பெயர்ந்த முஸ்லிம்கள் இங்கு வந்து ஒதுங்கினர். 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் இரவு மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனியாப் பள்ளிவாசலிலும் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் சுட்டுக்கொல்லப்பட்ட பின்னர், ஊரெல்லையைத் தாண்டுவதென்றாலே அச்சம் என்றாயிற்று. அவ்வச்சத்தில் வளர்ந்த பெண்பிள்ளைகளுக்கு வீடும் பள்ளிக்கூடமும் அவற்றுக்கிடையேயுள்ள ஒழுங்கையுமே உலகம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடற்கரையோரத்தையும் ஆழிப்பேரலை வந்து அடித்துச் சென்றது. இத்தனைக்கும் பிறகு, ஓடியாடித் திரிய ஒரு பெண்ணுக்கு எஞ்சிய திறந்த வெளி எவ்வளவு என்பதை வாசகர்களே அனுமானிக்கலாம்.

முற்றம் போன வீட்டுக்குள் நிலைக்கண்ணாடி வந்தது; அதில் எவ்வுருவைத் தேடுவது என்று காட்டும் திரைகளும் வந்தன. இலங்கையில் தொலைக்காட்சி 1979இல் தொடங்கியது. ரூபவாகினி 1982இல் வந்தது. பின்னர் தமிழகத்து அலைவரிசைகள். அதன்பின் கைக்கு அடங்கும் கைபேசி. இவற்றால் என்ன விளையும் என்பதற்குப் பசிபிக் சமுத்திரத்து பிஜித் தீவில் ஒரு சான்று உண்டு. நம்மூரைப் போலவே அங்கும் திரண்ட உடலே அழகென்றும், விருந்தினரை வயிறு நிரம்ப உண்பிப்பதே பண்பென்றும், ஒருவர் மெலிந்தால் சுற்றத்தார் கவலைப்பட வேண்டுமென்றும் கருதிவந்தனர். நாட்ரோகா என்னும் பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. அமெரிக்க மனநல வைத்தியர் ஆன் பெக்கர், அது வந்த சில வாரங்களிலும், மீண்டும் 1998இலும், அப்பகுதி மாணவியரைச் சோதித்தார். உணவைப் பற்றிய கலக்கம் மிகுந்தவர்கள் முன்னர் 12.7 சதவீதம், பின்னர் 29.2 சதவீதம். எடையைக் குறைக்க வேண்டி வாந்தியெடுத்தவர் முன்பு ஒருவருமில்லை. மூன்றாண்டில் அவர்கள் 11.3 சதவீதமாயினர். நூற்றாண்டுக் கணக்காய்ப் பேணிய அழகுணர்ச்சி இத்தனை விரைவில் இளகிவிடும் என்று எவர் நினைத்திருப்பார்? நம் பிள்ளைகளுக்கு அது வராது என்று நிம்மதியாயிருப்போர் இக்கணக்கை ஒருமுறை யோசிக்க வேண்டும். கலியாணச் சந்தையில் நிறத்தோடு எடையும் விசாரிக்கப்படும் இந்நாளில், ஆபத்து தொலைக்காட்சியிலிருந்து மட்டும் வருவதன்று. பெண் பார்க்க வந்த மாமியின் நாவிலிருந்தும் வரும்.

உணவை அஞ்சி மெலியும் இந்நோயை ஐரோப்பிய வைத்தியர்கள் இனங்கண்டது 1873இல். பாரிஸில் லாசேக், லண்டனில் சர் வில்லியம் கல் ஆகிய இருவரும் தனித்தனியே அதனை வர்ணித்தனர்; அனோரெக்சியா நெர்வோசா என்ற நாமத்தை இட்டவர் கல். அவருடைய குறிப்புகளில் நம் விஷயத்துக்கு மிகவும் வேண்டிய ஒன்றுண்டு: எலும்பும் தோலுமாய் உருக்குலைந்திருந்த இளம் பெண், படுக்கையில் கிடக்காமல், ஓயாது நடமாடிக்கொண்டேயிருந்தாள் என்பது. அந்த அமைதியின்மையும் வியாதியின் ஓர் அங்கமே. உண்டதைக் கணக்கிட்டு அதற்கு ஈடாகக் குதிப்பது, காய்ச்சலிலும் சுளுக்கிலும் விடாமல் செய்வது, ஒருநாள் தவறினால் குற்றவாளிபோல் தவிப்பது, கதவைத் தாழிட்டு நள்ளிரவில் செய்வது ஆகிய இவையெல்லாம் சுறுசுறுப்பென்று மெச்சத்தக்கவையல்ல. உண்ணாமை, மாதவிடாய் நிற்பது, எலும்பு நொய்வது ஆகிய மூன்றும் விளையாட்டு வீராங்கனைகளிடம் சேர்ந்து வருவதை 1992இல் அமெரிக்க வைத்தியர்கள் ஒரே தொகுதியாகக் கண்டு எச்சரித்தனர். அப்பெண்கள் பார்வைக்குத் திடகாத்திரமாகவே இருந்தனர்.

காத்தான்குடி போன்ற ஊரில் இந்நோய்க்கு மறைவிடம் ஒன்று உண்டு, அது நோன்பு. ரமழானில் பகல் முழுவதும் உண்ணாதவளை எவர் சந்தேகிப்பார்? ரமழான் கழிந்தும் ஸுன்னத்தான நோன்பென்று அவள் வாரக்கணக்கில் தொடர்ந்தால், பக்தி மிக்க பிள்ளையென்று உம்மா பூரிப்பாளேயன்றிப் பயப்படமாட்டாள். ஆயினும் மார்க்கம் இதனை முன்னரே கண்டு வேலி போட்டிருக்கிறது. நோயாளிக்கு நோன்பை விட அனுமதியுண்டு. நாள்தோறும் நோற்று, இரவெல்லாம் நின்று வணங்கிய அப்துல்லாஹ் இப்னு அம்ர் என்ற தோழரை அழைத்து, உம்முடைய உடலுக்கும் உம்மீது உரிமையுண்டு என்று நபி பெருமானார் (ஸல்) கண்டித்த வரலாறு ஹதீஸ் கிரந்தங்களில் பிரசித்தம். பள்ளிவாசல் மிம்பரிலிருந்து இவ்வரலாற்றை வருஷத்துக்கு ஒருமுறையேனும் இளம் பெண்களைக் கருத்திற்கொண்டு சொல்லலாம் என்பது என் அபிப்பிராயம்.

அப்படியானால் இந்நோயுற்ற பெண்ணுக்குத் தேகாப்பியாசமே கூடாதா என்றால், கூடும்; காலமும் அளவும் வேறு. 1037இல் மறைந்த இப்னு ஸீனா தமது வைத்திய மகா கிரந்தத்தில் தேகாப்பியாசத்துக்கென்றே இடம் ஒதுக்கி, பலவீனருக்கும் நோய் தேறுவோருக்கும் ஊஞ்சலாடுவதையும் படகிற் செல்வதையும்கூட அப்பியாசமாக எண்ணி விதித்திருக்கிறார். யூனானி வைத்தியத்துக்கு அந்நியமில்லாத இந்நாட்டில் இது புதுமையன்று. ஊஞ்சலோ நமக்கு இன்னும் நெருங்கியது. சித்திரை வருஷப்பிறப்பிலும் பெருநாளிலும் பருத்த மரக்கொம்பில் வடம் கட்டி, நீண்ட பலகையில் சிறுமியர் வரிசையாய் அமர, இருமுனையிலும் ஒவ்வொருத்தி நின்று முழங்காலை மடக்கி உந்தி எழுப்பியபோது, எந்தப் பெண்ணும் தன் எடையை நினைத்ததில்லை. நினைத்திருந்தாலும், பாரமானவள் நின்றால் ஊஞ்சல் நன்றாய் எழும்பும் என்றே நினைத்திருப்பாள்.

இன்றைய வைத்தியர் சொல்வதும் இதற்கு வெகு தூரமில்லை. முதலில் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், இரத்தத்திலுள்ள உப்புக்களின் அளவு ஆகியவற்றைச் சோதித்து, இருதயம் தாங்குமா என்று அறிய வேண்டும். எடை மிகக் குன்றியவளுக்கு அப்போது உணவும் ஓய்வுமே மருந்து. தேறியபின் மெல்லக் கைகால் நீட்டி மடக்குதல், துணையோடு நிதானமாக நடத்தல், பின்னர் தசையையும் எலும்பையும் உறுதியாக்கும் சிறு பாரப் பயிற்சிகள் எனப் படிப்படியாக ஏற வேண்டும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் உணவு இருக்க வேண்டும். எரிந்த கலோரியைக் காட்டும் கருவிகளை அப்புறப்படுத்த வேண்டும். தனிமையில் செய்வதைவிடக் கூடிச் செய்வது நன்று. இங்கே பழைய வளவின் நியாயம் மீண்டும் தலைகாட்டுகிறது: உரலடியில் ஒருத்தி தனியே நின்றதில்லை.

கூடி ஓடுவதற்கும் நம்மிடம் முன்மாதிரி உண்டு. பிரயாணமொன்றில் நபி பெருமானாரும் அவர்தம் துணைவியார் ஆயிஷா நாயகியும் (ரலி) ஓட்டப் பந்தயம் ஓடினர், நாயகி முந்தினார். காலஞ்சென்று நாயகிக்குச் சதைப்பற்று ஏறியபின் மறுமுறை ஓடினர்; இம்முறை பெருமானார் முந்தி, முன்னைய தோல்விக்கு இது ஈடு என்று வேடிக்கையாகச் சொன்னார்கள். அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பிலுள்ள இச்செய்தியை அறிவித்தவரே ஆயிஷா நாயகிதாம். தம் உடல் பருத்ததைக் கூச்சமின்றி, ஒரு சாதாரண விஷயமாக அவரே சொல்கிறார்.

ஆகையால் ஊரிலுள்ள பெரியோருக்குச் சில விண்ணப்பங்கள். பெண்கள் அச்சமின்றியும் வேடிக்கை பார்ப்போர் இன்றியும் நடக்கவும் விளையாடவும் கடற்கரையிலோ பாடசாலை மைதானத்திலோ ஒரு நேரத்தை ஒதுக்கிக் கொடுங்கள். பெண் பார்க்கச் செல்வோர் எடையைப் பற்றி வாய் திறவாதீர்கள். மகள் சஹனில் கையை மட்டும் அளைந்து எழுந்தால், மாதவிடாய் நின்றுபோனால், மயங்கி விழுந்தால், உண்டதும் குளியலறைக்கு விரைந்தால், அதட்டாமலும் பரிகசிக்காமலும் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். காத்தான்குடியில் ஆதார வைத்தியசாலை இருக்கிறது; மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது; வெளியே செல்லக் கூச்சப்படுவோர் 1926 என்ற தேசிய மனநலத் தொலைபேசி இலக்கத்தில் பேசலாம்.