மாதிரி கிளைடரின் வரலாறு

மாதிரி கிளைடர் என்பது இயந்திரம் இல்லாமல், சிறகுகளின் தாங்குவிசையால் மட்டும் காற்றில் சறுக்கிச் செல்லும் சிறிய வானூர்தி. இன்று இது மாணவர்களின் பொழுதுபோக்காக அறியப்படுகிறது. ஆனால் மனிதன் பறக்கக் கற்றதே இத்தகைய மாதிரிகளின் வழியாகத்தான்.

தொடக்கம்

இங்கிலாந்தின் ஜார்ஜ் கேலி 1804-இல் சுமார் 5 அடி நீளமுள்ள ஒரு மாதிரியைச் செய்தார். ஒரு கம்பின் மீது பட்டம் போன்ற சிறகும், பின்முனையில் சிலுவை வடிவ வாலும் இருந்தன. வாலின் கோணத்தை மாற்ற முடிந்தது. எடையை முன்னும் பின்னும் நகர்த்தி ஈர்ப்பு மையத்தைச் சரிசெய்யவும் முடிந்தது. பறவையைப் போலச் சிறகடிக்காமலும் பறக்கலாம் என்பதை இந்த மாதிரி காட்டியது. 1853-இல் கேலி தம்மிடம் பணிபுரிந்த ஒருவரை ஏற்றி, முழு அளவு கிளைடரைப் பறக்கவிட்டார்.

பிரான்சின் அல்போன்ஸ் பெனோ 1871-இல் பாரிசின் துய்லரி தோட்டத்தில், முறுக்கிய ரப்பரால் இயங்கும் மாதிரியைப் பறக்கவிட்டார். அது 11 நொடிகளில் சுமார் 40 மீட்டர் பறந்தது. வாலைச் சிறகைவிடக் குறைந்த கோணத்தில் வைத்ததால் அது தானாகவே நிலைகுலையாமல் சென்றது.

பிழையைத் திருத்திய மாதிரிகள்

ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தால் தம் கிளைடர்களில் ஏறக்குறைய 2000 முறை பறந்தார். 1896-இல் கீழே விழுந்து இறந்தார். அவருடைய அட்டவணைகளை நம்பி ரைட் சகோதரர்கள் 1901-இல் செய்த கிளைடர், கணக்கிட்ட தாங்குவிசையில் மூன்றில் ஒரு பங்கையே தந்தது. அவர்கள் உடனே பெரிய கிளைடர் ஒன்றைக் கட்டவில்லை. காற்றுச் சுரங்கம் ஒன்றை அமைத்து, சுமார் 200 சிறு சிறகு வடிவங்களைச் சோதித்தனர். அந்த அளவீடுகளால் 1902-ஆம் ஆண்டுக் கிளைடர் வெற்றி பெற்றது. அடுத்த ஆண்டு இயந்திர வானூர்தியும் பறந்தது. உயிரைப் பறிக்கக்கூடிய பிழைகளை உள்ளங்கை அளவுச் சிறகுகள் முன்கூட்டியே காட்டிவிட்டன.

தமிழ்நாட்டில்

சென்னை குரோம்பேட்டையில் சி. ராஜம் 1949-இல் தொடங்கிய எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் தொடக்கம் முதலே கற்பிக்கப்பட்டது. அப்துல் கலாம் அங்கு பயின்றவர். தேசிய மாணவர் படையின் வான்படைப் பிரிவு, பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு மாதிரி வானூர்தி செய்யவும் பறக்கவிடவும் பயிற்சி தருகிறது.

கையால் எறியும் மாதிரிக்குப் பெரிய ஓடுதளம் தேவையில்லை. பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்காக வட்டம் வட்டமாக அமைக்கப்பட்ட நெய்வேலி நகரியத்தின் விளையாட்டுத் திடல் ஒன்றே போதும். எடை குறைந்த பால்சா மரம், மெல்லிய தாள், பசை, சிறிது களிமண் ஆகியவற்றைக் கொண்டு இதைச் செய்யலாம். காற்று அடங்கிய காலை நேரம் ஏற்றது. எறிந்ததும் மூக்கு மேலெழும்பி மாதிரி தடுமாறினால், மூக்கில் களிமண்ணைக் கூட்ட வேண்டும். நேராகத் தரையில் குத்தினால் குறைக்க வேண்டும். கேலி 1804-இல் எடையை நகர்த்திக் கற்றதும் இதே பாடம்தான்.