இருமலுக்கு ஒரு கட்டம்

நெய்வேலியில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் முதலில் ஊர் கேட்க மாட்டார்கள், ‘எந்த பிளாக்?’ என்றுதான் கேட்பார்கள். 1986-ல் கிராம சுகாதாரச் செவிலியராக வேலைக்கு வந்த எனக்கு இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. என் துணை சுகாதார நிலையம் நகரிய நுழைவாயிலான ஆர்ச் கேட்டுக்கு வெளியே, அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்குக் கிழக்கே இருந்தது. 5,000 பேருக்கு ஒரு நர்சு என்பது கணக்கு. என் சைக்கிள் கேரியரில் ஐஸ் வைத்த தடுப்பூசிப் பெட்டி, பையில் பதிவேடுகள்.

இந்த மண்ணின் கதையை எல்லாரும் ஜம்புலிங்க முதலியாரிலிருந்துதான் தொடங்குவார்கள். 1930-களின் நடுவில் தன் நிலத்தில் தண்ணீருக்குத் துளை போட்டவர், கறுப்பாக ஏதோ வருவதைப் பார்த்து அரசாங்கத்துக்குச் சொன்னார். 1956-ல் நிலக்கரி நிறுவனம் பிறந்தது. 1957 மே 20-ஆம் தேதி நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது, மறு ஆண்டே மின்சாரம் வந்தது. நிலக்கரி அடுக்குக்குக் கீழே ஊற்றுநீர் அழுத்தத்தோடு முட்டிக்கொண்டிருந்ததால், இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கம் நிற்கும். ராட்சத எந்திரமெல்லாம் இருக்கட்டும், எனக்கு அந்த இறைப்புதான் இன்றைக்கும் ஆச்சரியம்.

கூடவே ஒரு நகரியம் எழுந்தது. அகலமான தெரு, வீட்டுக்கு வீடு மரம், குழாய்த் தண்ணீர், மூடிய சாக்கடை, ஊழியருக்கும் குடும்பத்துக்கும் பெரிய ஆஸ்பத்திரி. நர்சாகச் சொல்கிறேன், அந்த ஆஸ்பத்திரியைவிட அந்தச் சாக்கடைதான் அதிகக் குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கும். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த கிராமத்து ஜனங்களில் வேலை கிடைத்தவர்கள் பிளாக்குக்குள் போனார்கள். மற்றவர்கள் ஓரத்தில் குடிசை போட்டுக் கூலிக்கும் கான்ட்ராக்டுக்கும் போனார்கள். என் பதிவேட்டில் இருந்ததெல்லாம் அவர்கள் பேர்தான்.

கர்ப்பிணிக்கு ஒரு பதிவேடு, தடுப்பூசிக்கு ஒன்று, தகுதியுள்ள தம்பதியருக்கு ஒன்று, பிறப்பு இறப்புக்கு ஒன்று. காய்ச்சலுக்கும் பேதிக்கும் கட்டம் உண்டு. மூன்று வாரத்துக்கு மேல் இருமினால் காசநோய்ச் சளிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பது அப்போதைய விதி, சளியில் கிருமி இல்லையென்றால் அதோடு சரி. இருமல் நிற்காமலிருக்கும், பதிவேட்டைப் பொறுத்தவரை அந்த ஆள் சுகம்.

இந்தக் குறையை எனக்குக் காட்டியவர் ஊர் மருத்துவச்சிப் பாட்டி. அரசாங்கம் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுத்து பிளேடு, நூல், சோப்பு வைத்த பெட்டியும் தந்த காலம் அது. முதல் ஆறு மாதம் பாட்டி என்னை மதிக்கவே இல்லை. ஓர் ஆடி மாதப் புதன்கிழமை, தடுப்பூசி போட்டு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பாட்டி கூரை மேலிருந்து ஓர் எவர்சில்வர் தட்டை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். ராத்திரி கழுவிக் கவிழ்க்காமல் வைத்த தட்டாம். தட்டு முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் படிந்திருந்தது. விரலால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

“காச்சலுக்குக் கட்டம் இருக்கு, பேதிக்கு இருக்கு. இருமலுக்கு எங்க நர்சம்மா கட்டம்?”

இல்லை என்றேன். “அப்ப போடும்மா” என்றார்.

அன்றிலிருந்து பதிவேட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு எழுத ஆரம்பித்தேன். எழுதியது நான், சொன்னது அந்தப் பெண்கள். யார் வீட்டில் இருமல், எத்தனை நாள், காற்று எந்தப் பக்கம். மேல்காற்று வீசும் ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் இருமல் ஏறும், ஐப்பசிக்கு மேல் வாடை திரும்பினால் இறங்கும். இதை அவர்கள் எனக்கு முன்பே அறிந்திருந்தார்கள். ஆனால் முந்திரி விறகு அடுப்புப் புகை இருந்தது, ஆண்களுக்குப் பீடி இருந்தது, எல்லாப் பழியையும் புகைபோக்கி மேல் போட என் மனசு ஒப்பவில்லை. ஒரு மாதாந்திரக் கூட்டத்தில் பின்பக்கத்தை ஒரு மேலதிகாரியிடம் காட்டினேன். “படிவத்தில் இல்லாததை ஏம்மா எழுதுறீங்க?” என்றார். அடுத்த மாதமும் எழுதினேன், காட்டவில்லை.

எங்கள் மாவட்டத்திலேயே கடலோரமாக, கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் இதைப் பெரிய அளவில் செய்தார்கள் என்று பிறகு தெரிந்தது. ரசாயன ஆலைகளின் நாற்றத்தை நாள், நேரம், காற்றுத் திசையோடு நோட்டில் குறித்தார்கள். கூமுட்டை நாற்றமென்றால் அது ஹைட்ரஜன் சல்பைடாக இருக்கலாம், மூக்கும் ஒரு கருவிதான். அதோடு வாளியில் காற்று பிடித்தார்கள். மூடிபோட்ட சாதாரணப் பிளாஸ்டிக் வாளி, உள்ளே ஒரு விசேஷப் பை. வாளிக்குள் இருக்கும் காற்றைச் சின்ன பம்பால் உறிஞ்சினால் வெளிக்காற்று பையை நிரப்பிவிடும். 1990-களில் கலிஃபோர்னியாவில் எண்ணெய் ஆலைகளை அடுத்து வாழ்ந்த ஜனங்களுக்காக உருவான உத்தி அது. பையும் அங்குள்ள ஆய்வகத்துக்கே போனது. 2004-ல் வந்த அறிக்கையில் 22 வேதிப்பொருள்கள் இருந்தன, அவற்றில் 8 புற்றுநோய் தரக்கூடியவை. செய்தித்தாளில் படித்தபோது பாட்டி இல்லை. இருந்திருந்தால் வாளியைவிடத் தட்டு மலிவு என்று சொல்லியிருப்பார்.

எங்கள் பக்கத்து ஜனங்களைக் கேட்டு எழுதிய ஓர் ஆய்வு வர 2023 ஆகஸ்டு ஆயிற்று. பூவுலகின் நண்பர்கள், மந்தன் அத்யயன் கேந்திரா என்ற இரண்டு அமைப்புகள் வெளியிட்ட அந்த ஆய்வு, சுற்றுவட்டக் கிராமங்களில் 101 வீடுகளில் விசாரித்தது. 90 வீடுகளில் சிறுநீரகம், தோல், மூச்சு என்று ஏதோ ஒரு தொல்லையைச் சொன்னார்கள். தண்ணீரையும் மண்ணையும் சோதித்தார்கள். பசுமைத் தீர்ப்பாயம் இதைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. வீட்டுக்காரர் வாயால் சொன்னது நோய்க்கான நிரூபணம் ஆகாது, அது எனக்கும் தெரியும். ஆனால் கேட்டால்தானே அடுத்து எதைச் சோதிப்பது என்று தெரியும்!

அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் தொடங்கியிருந்தது. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்தே பெண்களை எடுத்து, வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கவைத்தார்கள். நான் சைக்கிளில் சுற்றிய தெருக்களில் இப்போது பாட்டியின் பேத்தி தன்னார்வலராகப் போகிறாள். போன தடவை ஊருக்குப் போனபோது அவள் பையைத் திறந்து காட்டினாள். பிபி மெஷின், மாத்திரை அட்டைகள், ஒரு நோட்டு. பிபிக்குக் கட்டம், சுகருக்குக் கட்டம்.

“இருமலுக்கு?” என்றேன்.

நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பினாள். பென்சில் கோடு.